மிஞ்சிய எஸ்

(பாளையங்கோட்டையில் ஒரு மரச்சாமான் கடை. மறுநாள் திறப்பு விழா. பெயர்ப்பலகையில் அக்ரிலிக் எழுத்துகளை ஒட்டிக்கொண்டிருக்கிறார் மாரி. கீழே ஏணியைப் பிடித்தபடி கடைக்காரர் சண்முகம்.)

சண்முகம்: 'ஆல் பர்னிச்சர்ஸ்' என்றல்லவா எழுதிக் கொடுத்தேன்? கடைசி எஸ் எங்கே?

மாரி: கழற்றிவிட்டேன் அண்ணாச்சி. பர்னிச்சருக்கு எஸ் கிடையாது.

சண்முகம்: உள்ளே 40 கட்டில், 300 நாற்காலி கிடக்கின்றன. அத்தனையும் ஒருமையா?

மாரி: கட்டிலை எண்ணலாம், நாற்காலியை எண்ணலாம். பர்னிச்சரை எண்ண முடியாது.

சண்முகம்: கடன் கொடுத்த வங்கிக்காரர் நேற்று வந்து ஒன்று விடாமல் எண்ணிவிட்டுப் போனாரே!

மாரி: அவர் எண்ணியது வேறு கணக்கு.

சண்முகம்: முன்னால் 'ஆல்' இருக்கிறதே, அது பன்மை கேட்காதா?

மாரி: சேர், டேபிள் வந்தால் எஸ் கேட்கும். பர்னிச்சர், லக்கேஜ் வந்தால் கேட்காது. 'மெனி'தான் பிடிவாதக்காரி, பன்மை இல்லாதவரோடு சேரவே மாட்டாள்.

சண்முகம்: அப்படியானால் 'ஆல்' எல்லாக் கட்சியோடும் கூட்டணி வைக்கிற ஆள். சரி, அடுத்த வரி. 'எவ்ரி சேர்ஸ் வித் வாரண்டி'. அதிலும் எஸ்ஸைக் காணோமே!

மாரி: 'எவ்ரி', 'ஈச்' இரண்டுக்கும் பின்னால் ஒருமைதான். எவ்ரி சேர்.

சண்முகம்: ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் வாரண்டி என்று மக்கள் நினைத்துவிட்டால்?

மாரி: 300-க்கும்தான். ஒவ்வொன்றாகப் போகிறது, அவ்வளவுதான்.

சண்முகம்: நில்லும். கீழே சலுகை வரியில் 'எவ்ரி 6 சேர்ஸ்' என்று எஸ்ஸை விட்டுவைத்திருக்கிறீர்!

மாரி: அங்கே நடுவில் 6 வந்துவிட்டது. ஆறாறாகக் கட்டி ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ஸ்டூல் இலவசம். எண் வந்தால் எஸ் திரும்பிவிடும்.

சண்முகம்: தமிழில் ஆறு நாற்காலி என்றாலே நாற்காலி ஆறாகிவிடுகிறது. வெள்ளைக்காரனுக்குத்தான் சந்தேகம். போகட்டும். கழற்றிய 2 எஸ்ஸுக்கும் காசைக் கழித்துக்கொள்ளும்.

மாரி: செய்த எழுத்தை நான் யார் தலையில் கட்டுவது? இருங்கள், ஒன்றுக்கு இடம் இருக்கிறது. 'ஒன் ஆஃப் த பெஸ்ட் ஷாப்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அது 'ஷாப்ஸ்'.

சண்முகம்: எனக்கு இருப்பதே ஒரு கடை!

மாரி: நல்ல கடைகள் பல, அவற்றில் உங்களுடையது ஒன்று. அதனால் பன்மை.

சண்முகம்: அந்தப் பல கடைகளில் எதிர்வரிசைக்காரனும் வருவானா?

மாரி: வருவார்.

சண்முகம்: என் காசில் அவனுக்கு ஒரு எஸ்ஸா! 'ஒன் ஆஃப்' முழுவதையும் கழற்றும். 'த பெஸ்ட் ஷாப்' போதும்.

மாரி: அப்படியானால் 2 எஸ்ஸும் மிச்சம்தான். கழற்றும் 5 எழுத்துக்கும் காசு கழியாது.

சண்முகம்: ... சரி, 'ஷாப்ஸ்' என்றே இருக்கட்டும். மீதி ஒன்றை என் பெயருக்கு முன்னால் இனிஷியலாக ஒட்டும்.

மாரி: உங்கள் அப்பா பொன்னுசாமி ஆயிற்றே?

சண்முகம்: சொந்த ஊர் சங்கரன்கோவில். ஊருக்கு ஒரு எழுத்து போடுகிற வழக்கம் உண்டுதானே? ஒட்டும்!