கிட்டாருக்காகப் போய் மரிம்பாவில் மாட்டிக்கொண்டேன்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்துகொண்டிருந்தபோது, காங் என்ற ராக் குழுவின் 'கஸூஸ்!' கண்ணில் பட்டது. 1976இல் வந்த ஆல்பம். இதில் கிட்டார் வாசித்த ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் மேல் நான் பித்துப் பிடித்து அலைந்த காலத்தில் இறக்கி வைத்தது. அன்றைக்கு நான் இதைக் கேட்ட லட்சணம் இருக்கிறதே! கிட்டார் வருகிற இடம் வரைக்கும் ஓட்டிவிடுவேன், சோலோ முடிந்ததும் அடுத்த டிராக். நடுவில் டிங் டிங் என்று என்னவோ கேட்கும், அது சும்மா இடம் நிரப்புவது என்று நினைத்திருந்தேன்.

நேற்று முழுசாக, எதையும் தள்ளாமல் கேட்டேன். இத்தனை நாளும் கச்சேரிக்கு வந்த விருந்தாளியை மட்டும் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரைக் கண்டுகொள்ளாமலே எழுந்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் பியர் மொயர்லென். டிரம்மர். ஸ்ட்ராஸ்பூர்க் இசைப்பள்ளியில் முறையாகத் தாளவாத்தியம் படித்தவர். குழுவை ஆரம்பித்த டேவிட் ஆலன் 1975இல் விலக, அடுத்து கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஹில்லேஜும் கிளம்ப, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. வேறு ஒருவராக இருந்தால் நல்ல பாடகராகத் தேடியிருப்பார். இவர் பாட்டையே எடுத்துவிட்டார். தம்பி பெனுவாவும் மிரேய் பாவரும் வைப்ரஃபோன், மரிம்பா, க்ளாக்கன்ஷ்பீல் என்று கட்டைகளை அடுக்கிக் குச்சியால் தட்டுகிற வாத்தியங்களோடு நிற்க, பழைய ஆட்களில் சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும் வாசிக்கிற டிடியே மலெர்ப் இருக்கிறார். கூடுதல் தாளத்துக்கு மினோ சினேலு. ஆமாம், பின்னாளில் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸோடு வாசித்த அதே சினேலு.

'பெர்கோலேஷன்ஸ்' கேளுங்கள். மரிம்பா மரக்கட்டை, தட்டினால் 'டொக்' என்று உடனே அடங்கிவிடும். வைப்ரஃபோன் உலோகம், பெடலை அழுத்தியிருக்கும்வரை ரீங்காரம் நிற்கும். ஒன்று விட்ட இடைவெளியில் இன்னொன்று வந்து விழுகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் எந்தச் சுரம் எந்தக் கட்டையிலிருந்து வந்தது என்று துரத்திக்கொண்டே இருக்கலாம், பிடிக்க முடியாது. அத்தனையும் ஊறி முடிந்த பிறகுதான் டிரம்ஸ் முழு வேகத்தில் இறங்குகிறது. அது வித்தை காட்டும் டிரம் சோலோ இல்லை. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு, கணக்கு எங்கே கூடிவரப் போகிறது என்று காத்திருக்கிற அந்தத் தவிப்பு புரியும்.

குறையே இல்லையா? இருக்கிறது. ஹோல்ட்ஸ்வொர்த் எழுதிய 'நைட் இல்யூஷன்' எனக்கு இப்போது சாதாரணமாகப்படுகிறது. ஒரு காலத்தில் அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டவன் நான்! கடைசி டிராக் 'மிரேய்' அழகுதான், ஆனால் வேறு ஏதோ ஆல்பத்திலிருந்து வழி தவறி வந்தது மாதிரி இருக்கிறது.

இது ஏன் பேசப்படவில்லை என்பதற்குப் பாதிக் காரணம் பெயர்தான் என்பேன். பறக்கும் தேநீர்க் கெண்டி, குட்டிப் பிசாசு என்று கதை கட்டிப் பாடிய பழைய காங்கின் கிறுக்குத்தனத்தை ரசித்தவர்கள் இதில் அதைத் தேடி ஏமாந்தார்கள். அந்தக் கிறுக்குத்தனத்துக்குப் பயந்த ஜாஸ் ரசிகர்கள் உறையைக்கூடத் தொடவில்லை. போதாததற்கு அமெரிக்காவில் இதையே 'எக்ஸ்பிரஸோ' என்று வெளியிட்டார்கள். 1978இல் 'எக்ஸ்பிரஸோ 2' வந்தபோது, முதல் பாகம் எங்கே என்று மற்ற நாட்டுக்காரர்கள் முழித்திருப்பார்கள். மொயர்லென் 2005இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும், "ஹோல்ட்ஸ்வொர்த் வாசித்தாரே, அந்தக் குழுவா?" என்றுதான் கேட்கிறார்கள்.

கேட்கிறவர்களுக்கு ஒன்று: தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் போடாதீர்கள். மரிம்பாவின் கீழ்க்கட்டைகள் மொத்தமாகக் காணாமல் போய்விடும், மிஞ்சுவது கிட்டார் மட்டும்தான்.