ஒல்லி உடம்பும் தாய்ப்பாலும்

எடை குறைந்த தாய்க்குப் பால் ஊறாது என்பது தப்பு என்று தாய்ப்பால் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சரிதான். காரைக்குடியில் எனக்குப் பிள்ளை பிறந்தபோது நான் 43 கிலோ. "இந்தக் குச்சி உடம்பில் பால் எங்கே இருக்கப்போகிறது?" என்று வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து ஆளாளுக்குப் பேசினார்கள். ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை இப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் சுறாப்புட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "பிள்ளையை மாரில் போடு ஆத்தா, அது குடிக்கக் குடிக்க ஊறும்" என்றார்கள். சுறாவும் பூண்டும் என்ன செய்தனவோ, ஆயா சொன்ன கணக்குதான் பலித்தது. மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் சுரக்கும். ராத்திரியும் சேர்த்து நாளைக்குப் பத்துத் தடவை கொடுத்தேன், தூக்கம்தான் போச்சு.

கட்டுரை தொடாமல் விட்டது எதிர்ப்பக்கத்தை. என் நாத்தனார் நல்ல கனம். அவளுக்கு 5ஆம் நாள்தான் பால் இறங்கியது. உடல் பருமன் இருந்தால் இப்படித் தாமதமாகலாம். பிள்ளை சப்பும்போது சுரக்க வேண்டிய புரோலாக்டின் என்ற, பாலை ஊறவைக்கும் ஹார்மோன் குறைவாகச் சுரப்பதும் ஒரு காரணம். அதற்குள் யாரையும் கேட்காமல் பால்பவுடர் டப்பாவைப் பிரித்துவிட்டார்கள். பவுடர் குடித்து அசந்து தூங்கிய பிள்ளை சப்பவில்லை, சப்பாததால் பால் இன்னும் குறைந்தது. அப்புறம் டாக்டர் கேட்டது தாயின் எடையை அல்ல: பிள்ளை நாளைக்கு 6 தடவையாவது மூத்திரம் போகிறதா, பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்றுதான்.