சீட் கிடைத்துவிட்டது, சரி. பணம்?

போன வாரம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி போன் செய்தாள். எம்.ஏ. வரலாறு முடித்தவள், எனக்குத் தங்கை முறை. "அக்கா, பிஎச்.டி. சீட் கிடைச்சிருச்சு. ஃபுல் டைம். கைடு சரின்னுட்டாங்க" என்றாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் கேட்டேன், "ஃபெலோஷிப் இருக்கா?" என்று. ஆய்வு செய்யும் காலத்தில் மாதாமாதம் வரும் உதவித்தொகையைத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் சேர்ந்தப்புறம் பார்த்துக்கலாம்னாங்க அக்கா."

இதே சொற்களை நானும் ஒருநாள் ஒரு துறை வாசலில் நின்று கேட்டேன், நம்பினேன், சேர்ந்தேன். இரண்டரை வருடம் கையில் ஒரு ரூபாய் வரவில்லை. நான் எடுத்துக்கொண்ட பொருள் பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஏரிகளும் குடிமராமத்தும். அதற்கான ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு நாள் போய்விட்டு வந்தால் ஒன்றும் ஆகாது. அட்டவணையைத் தேடி, கோப்பு எண்ணை எழுதிக் கொடுத்து, அது வரும்வரை காத்திருந்து, வந்த கோப்பில் நமக்கு வேண்டியது இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாரக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை. நானோ டியூஷன் சென்டரில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் இரண்டு நாள் விடியற்காலை பஸ் பிடித்துப் போய், மதியம் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவேன். இரண்டரை வருடத்தில் ஒரு இயல்கூட உருப்படியாக எழுதவில்லை. படிப்பு வராதவள் என்றே என்னை நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் முன்னணியில் வருகிறவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை அது. எழும்பூரிலேயே ஒரு விடுதியில் கட்டில் எடுத்துத் தங்கி, நான்கு மாதம் தினமும் காப்பகம் திறக்கும் நேரத்துக்குப் போனேன். இரண்டு இயல்களுக்கான குறிப்புகள் அந்த நான்கு மாதத்தில் முடிந்தன.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. இடம் கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு. ஒன்று கிடைத்தால் இன்னொன்றும் தானாக வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று சேரும் நாளில் யாரும் அவர்களை உட்காரவைத்துச் சொல்வதில்லை.

இடம் என்பது பெரும்பாலும் நெறியாளரிடம், அதாவது கைடிடம், காலியிடம் இருக்கிறதா என்பதுதான். யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு இடம் காலியானால் நமக்கு வாய்ப்பு. அந்த இடத்தோடு பணம் எதுவும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. பணத்துக்குப் பெரும்பாலும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்க வேண்டும். 2023 ஜனவரி முதல் அது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், மதிப்பீட்டுக் குழு சரி என்றால் அதன்பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன. முதல் வகைக்கு ஜே.ஆர்.எஃப். உண்டு. இரண்டாம் வகை உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும். மூன்றாம் வகை பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின் இரண்டு வகைக்கும் நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம் என்று பார்த்து இடம் தருவார்கள். அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். அந்த இரண்டு வகையிலும் ஜே.ஆர்.எஃப். பணம் கிடையாது. "நெட் பாஸ்" என்று ஊரெல்லாம் வாழ்த்து வாங்கிய பிறகு, உதவித்தொகை இல்லை என்று தெரிந்து உடைந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

வயதையும் மறக்காதீர்கள். ஜே.ஆர்.எஃப்.புக்குப் பொதுவான வரம்பு 30. பெண்களுக்கும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு சலுகை உண்டு. பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் சில வருடம் வேலை பார்த்து, கல்யாணம் ஆகி, குழந்தை கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆய்வுக்கு வரும் பெண்ணுக்கு அந்த 35 எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

எஸ்.சி., ஓ.பி.சி. மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப்புகளுக்கும் நெட் மதிப்பெண்ணை வைத்தே தேர்வு செய்கிறார்கள். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அது எனக்கு இன்றும் ஆறாத கோபம். தமிழ்நாடு அரசு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று தொடங்கி, 2023-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் 120 பேரைத் தேர்ந்தெடுக்கத் தேர்வு நடத்தியது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த முறை மொத்த மாநிலத்துக்கும் 120.

நம் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்காத இடம் ஐஐடி. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். சென்னை ஐஐடியில் கலைப் பாடங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் ஒரு துறை இருக்கிறது. பொருளியல், ஆங்கிலம், வரலாறு, சமூகவியல், தத்துவம் எல்லாவற்றிலும் அங்கே ஆய்வு நடக்கிறது. முழுநேர ஆய்வாளராகச் சேர்ந்தால் உதவித்தொகை சேர்க்கையோடு சேர்ந்தே வருகிறது. வாரத்தில் சில மணி நேரம் வகுப்பு வேலையில் உதவ வேண்டும், அவ்வளவுதான். போட்டி கடுமைதான், எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. ஆனாலும் விண்ணப்பித்துப் பாருங்கள்.

நான் கேட்பதும் இதே ஏற்பாட்டைத்தான். முழுநேர ஆய்வாளர் என்று ஒருவரைச் சேர்த்தால், இடத்துக்கான கடிதத்திலேயே மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, யார் தருவது என்று எழுதியிருக்க வேண்டும். தர முடியாத இடத்தை முழுநேரம் என்று விளம்பரம் செய்யக் கூடாது. "அப்படிச் செய்தால் ஏழைப் பிள்ளைகளுக்கு இருக்கிற இடமும் போய்விடுமே" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் அக்கறையோடுதான் சொன்னார், ஆனால் நான் ஏற்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை பணமில்லாமலும் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்கும். நடுவில் விட்டுவிட்டுப் போவது ஏழைப் பிள்ளைதான். போகும்போது வயதையும் தொலைத்துவிட்டுப் போகிறது.

தொகை சின்னதாக இருந்தாலும் அது எவ்வளவு பெரிது என்பதற்கு 2015 ஒரு சாட்சி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் கொடுத்துவந்தார்கள். அந்த அக்டோபரில் யுஜிசி அதையும் நிறுத்த முடிவெடுத்தது. மாணவர்கள் டெல்லியில் யுஜிசி அலுவலகத்தின் முன்னால் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள், தடியடி வாங்கினார்கள், அந்த 8,000 தொடர்ந்தது. நம் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலருக்கு அந்த 8,000கூட இல்லை.

ஜே.ஆர்.எஃப். கிடைத்த பிறகும் ஒரு பாடு உண்டு. ஒவ்வொரு மாதமும் நம் நிறுவனம், பணத்தை அனுப்பும் கனரா வங்கியின் இணையதளத்தில், நாம் ஆய்வில் இருக்கிறோம் என்று உறுதிப்படுத்த வேண்டும். அங்கே ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதம் பணம் வராது. எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் தள்ளிப்போனது. அதனால் சேருமுன் அந்தத் துறையில் இப்போது இருக்கும் ஆய்வாளர் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். போன மாதப் பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். அறிவியல் துறையென்றால் இன்னொன்றும் கேளுங்கள். ப்ராஜெக்ட் பணத்தில் சேர்க்கிறார்களென்றால் அந்த ப்ராஜெக்ட் எப்போது முடிகிறது? பெரும்பாலும் மூன்று வருடத்தில் அது முடிந்துவிடும், உங்கள் ஆய்வு முடியாது.

வேலையில் இருப்பவர்கள் பார்ட் டைம் என்றே பதிவு செய்யுங்கள். நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சம்பளமும் கையில் இருக்கும். முழுநேரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஒளித்து டியூஷன் எடுக்கும் பயம் என் எதிரிக்கும் வேண்டாம்.

அந்தத் தங்கையிடம் அன்று ஒரு மணி நேரம் பேசினேன். அழுதாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். நெறியாளரிடம் நேராகக் கேட்டிருக்கிறாள். அவரும் நல்ல மனிதர்தான், "இப்போ என்கிட்ட பணம் எதுவும் இல்லைம்மா, நீ ஜே.ஆர்.எஃப். எழுதிட்டு வா, இடம் இருந்தா கண்டிப்பா எடுத்துக்கிறேன்" என்றிருக்கிறார். இப்போது நெட் முதல் தாளுக்குப் படிக்கிறாள். கணக்குப் பகுதிதான் பயமாக இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வேறு யாராவது எழுதுவதாக இருந்தால் நீங்களும் வாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.