அறிவிப்பு இன்னும் முடியவில்லை

எங்கள் சர்ச்சில் பிரசங்கம் 20 நிமிடம், அறிவிப்பு 35 நிமிடம். கடலூரில் அக்னி நட்சத்திரம். எங்கள் பெஞ்சுக்கு மேலே இருக்கும் ஃபேன் வேறு போன மாதமே நின்றுவிட்டது. விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) என்றைக்கு, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) எத்தனை மூட்டை அரிசி, சில்வர் பீச் போக யார் யார் பணம் கட்டவில்லை... எல்லாம் அச்சடித்த தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளைத்தான் சபையே விசிறிக்கொண்டிருக்கிறது!

பிரெஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் எல்லாம் தென்னிந்தியத் திருச்சபையாக இணைய 1919-ல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து 1947-ல்தான் முடித்தார்கள். எங்கள் செயலாளர் அண்ணன் அந்தப் பேச்சுவார்த்தையில் பயிற்சி எடுத்தவர் போல.

மைக்கை வைக்கப் போனவர், “அப்புறம், இன்னொரு சின்ன அறிவிப்பு” என்றார். பக்கத்துப் பாட்டி காலாலேயே செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.