'94 முறை வரி உயர்வுக்கு வாக்களித்தார்': அந்த எண்ணில் என்ன தவறு?

2008 அமெரிக்க அதிபர் தேர்தலில், அப்போது செனட்டராக (நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக) இருந்த ஒபாமா 94 முறை வரி உயர்வுக்கு வாக்களித்தார் என்று அவரை எதிர்த்துப் போட்டியிட்ட மெக்கெய்ன் தரப்பு சொன்னது. இது தவறான சித்திரம்.

அந்த 94-இல் 53 வாக்குகள் பட்ஜெட் தீர்மானங்கள், அவற்றின் திருத்தங்கள் மீதானவை. பட்ஜெட் தீர்மானம் அதிபரின் கையெழுத்துக்குப் போவதில்லை, சட்டமும் ஆவதில்லை. அதனால் மட்டும் யாருடைய வரியும் உயராது. 23 வாக்குகள் வரிக்குறைப்பை எதிர்த்தவை. அவற்றால் வரி ஏறியிருக்காது. இருக்கும் வரி அப்படியே தொடர்ந்திருக்கும். ஒரே மசோதா மீதான பல வாக்குகளும் தனித்தனியாக எண்ணப்பட்டன.

இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்தால் செனட்டின் வாக்குப் பதிவேட்டைத் திறந்து, 'எதன் மீதான வாக்கு' என்ற குறிப்பை முதலில் படியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு திருத்தத்தைக் கிடப்பில் போடும் தீர்மானத்துக்கு 'ஆம்' என்றால், அந்தத் திருத்தத்தை எதிர்த்ததாகவே பொருள். பெயருக்கு நேரே இருக்கும் 'ஆம்' மட்டும் போதாது.

அடுத்து, திருத்தத்தையும் இறுதி வாக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2003-இல் செனட்டர் ஜான் கெர்ரி, பெரும்பாலும் ஈராக் போருக்கான 8,700 கோடி டாலர் மசோதாவில், செல்வந்தர்களின் வரிச்சலுகையைக் குறைத்து அந்தப் பணத்தைத் திரட்டும் திருத்தத்தை ஆதரித்தார். அது தோற்றது. இறுதி மசோதாவை எதிர்த்தார். இரண்டில் ஒன்றை மட்டும் காட்டுபவர் பாதிப் பதிவைத்தான் காட்டுகிறார்.