பெடல் ரப்பர் கேட்டால் பெடலையே தலையில் கட்டுகிறார்கள்

பிரேக் பெடல் மேல் மாட்டும் கைப்பிடி அளவு ரப்பர். அது தனியாக வராதாம். பெடலோடு சேர்த்து மொத்தமாகத்தான் மாற்ற வேண்டுமாம். காரைக்குடியில் சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்கப் போனால், டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இப்படி ஒரு பதில் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த ரப்பர் படும் பாடு தெரியும். செம்மண்ணும் சரளையும் செருப்படியில் ஏறி வந்து அதை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். பிரேக்கில் வலது ஓரம்தான் முதலில் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் தாவி வந்து உரசுவது அங்கேதான். முதலில் வரிகள் மறையும், அப்புறம் வழவழவென்று ஆகும், கடைசியில் இரும்பு தெரியும். ஐப்பசி மழையில் நனைந்த செருப்போடு அந்த இரும்பை மிதித்துப் பாருங்கள். கால் வழுக்கினால் பக்கத்தில் என்ன இருக்கிறது? ஆக்ஸிலரேட்டர். இதற்குப் பயந்துதான் வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ‘பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் மாற்றவும்’ என்று எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்ப எடுக்கும்போது பார்த்தால் ரப்பர் அப்படியே இருக்கிறது. கூடவே டாஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிகான் பாலிஷைப் பெடலுக்கும் சேர்த்து அடித்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள்! பிரேக்கில் கால் வைத்தேன், சர்ரென்று வழுக்கியது. பெடல் மேல் எந்த பாலிஷும் படக் கூடாது என்பது வண்டி கழுவுகிற பையனுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

“தம்பி, ரப்பர் மாத்தலையா?”

“அது தனியா வராது சார். அசெம்பிளியாதான் வரும்.”

குனிந்து ரப்பரின் மூலையைப் பிடித்து இழுத்தேன். பாதி கழன்று கையோடு வந்தது. “இது தனியா வருதே தம்பி?”

“சிஸ்டத்துல காட்டல சார்.”

கண் முன்னால் ரப்பர் கையில் இருக்கிறது, ஆனால் சிஸ்டத்தில் இல்லையாம்! சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்தார், டேப்லெட்டைப் பார்த்தார், “ஆமா சார், காட்டல” என்றார். அவர் ஸ்பேர்ஸ் ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆள் டீயோடு வந்தார், டேப்லெட்டைப் பார்த்தார். மூன்று பேரும் டேப்லெட்டைத்தான் பார்த்தார்கள். பெடலைக் குனிந்து பார்க்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. நான் குரலை உயர்த்திய பிறகு ஸ்பேர்ஸ் ஆள், “ஆர்டர் போடலாம் சார், அட்வான்ஸ் கட்டுங்க, வர நாளாகும்” என்கிறார். அப்போ இவ்வளவு நேரம் இல்லாத பொருள் இப்போது எங்கிருந்து முளைத்தது? இதெல்லாம் போதாதென்று சூப்பர்வைசர், “ஓடுற வண்டிதானே சார், இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க” என்றார். ஏசி சத்தம் போட்டால் அட்ஜஸ்ட் செய்யலாம். பிரேக்கில் என்னய்யா அட்ஜஸ்ட்?

வெளியே கடையில் கேட்டால் அங்கே வேறு கூத்து. ஆட்டோமேட்டிக் வண்டிக்குரிய அகல ரப்பரை எடுத்து நீட்டி, “எல்லாத்துக்கும் சேரும்ணே” என்கிறார். எப்படிச் சேரும்? “பசை போட்டு ஒட்டிக்கலாம்ணே.” அது வேண்டாம் என்றதும் ஸ்க்ரூ வைத்த அலுமினியத் தகடு செட் ஒன்றைக் காட்டுகிறார், ஸ்போர்ட்ஸ் லுக்காம். ஸ்க்ரூ தளர்ந்தால் அந்தத் தகடே காலை வாரும். ஈரச் செருப்புக்கு அதில் பிடிப்பும் கிடையாது.

மதுரையிலிருந்து வந்த மச்சான்தான் கடைசியில் வாங்கி வந்தார். கம்பெனி உறை, உறை மேல் தனிப் பார்ட் நம்பர்! விலை ஒரு வேளை டிபன் காசு. அசெம்பிளியாக மட்டும்தான் வரும் என்று சர்வீஸ் சென்டரில் அடித்துச் சொன்ன பொருள் இது.

மாட்டுவதிலும் ஒரு வித்தை கிடையாது. ரப்பரின் பின்பக்கம் சுற்றிலும் ஒரு மடிப்பு இருக்கும், அது பெடலின் இரும்புத் தகட்டு விளிம்பைக் கவ்விக்கொள்ளும். புது ரப்பரைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகிவிடும். ஒரு பக்கத்தை மாட்டிவிட்டு மறுபக்கத்தைக் கட்டைவிரலால் இழுத்து ஏற்ற வேண்டும். ரொம்ப முரண்டு பிடித்தால் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம், ஆனால் அப்புறம் நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். எண்ணெய், கிரீஸ் பக்கமே போகக் கூடாது. கடைசியில் நாலு ஓரமும் விரலால் தடவி, மடிப்பு முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான். இதைச் செய்யத்தான் ஒரு சர்வீஸ் சென்டருக்கு வக்கில்லை.

எனக்கு இன்னும் வயிறு எரிவது வாடகை வண்டிகளைப் பார்த்தால்தான். பிள்ளையார்பட்டிக்கும் கானாடுகாத்தானுக்கும் குடும்பம் குடும்பமாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். புது சீட் கவர், கலர் லைட், சாமி படத்துக்குத் தினம் மாலை. கீழே பார்த்தால் பிரேக் பெடலில் வெறும் இரும்பு மின்னுகிறது. எத்தனை உயிர் அந்த ஒரு பெடலை நம்பி உட்கார்ந்திருக்கிறது! ஏறும் முன் ஒரு தடவை குனிந்து பாருங்கள். டிரைவர் முறைத்தால் முறைக்கட்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே சர்வீஸ் சென்டரிலிருந்து போன். ஒரு பெண் பேசினார். “சார், பத்துக்குப் பத்து மார்க் சொல்லிடுங்க சார், ஒம்போதுன்னா எங்களைத்தான் திட்டுவாங்க.” அந்தப் பிள்ளையைத் திட்டி என்ன ஆகப்போகிறது? சிரிப்புதான் வந்தது. பத்து என்று சொல்லி வைத்தேன். வண்டியிடம் போனால் முன் கண்ணாடியில், சரியாக என் கண்ணுக்கு நேராக, அவர்கள் சர்வீஸ் ஸ்டிக்கர். சுரண்டினால் காகிதம் மட்டும் வருகிறது, பசை போக மாட்டேன் என்கிறது. இதை ஒட்டச் சொல்லி யாரய்யா கேட்டது?