பயிற்சிக்கு முன்னமே வந்த விளம்பரம்

2013 மே மாதம். ஹொக்கி பிளேஓவ், அதாவது கிண்ணத்துக்கான இறுதிக் கட்டப் போட்டிகள், நடந்து கொண்டிருந்த நேரம். இடைவேளைக்கு இடைவேளை கனடா அரசாங்கத்தின் விளம்பரம் ஒன்று வரும். 'கனடா ஜொப் கிராண்ட்' என்று பெயர். வேலைப் பயிற்சிக்கு மானியம் வருகிறது என்பதுதான் சேதி.

ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் இருந்த அண்ணை ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலை. வெல்டிங் படிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. "தம்பி, உந்தக் காசுக்கு எங்க போய்ப் பதியிறது?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவரும் நானும் வேலைவாய்ப்பு நிலையம் ஒன்றுக்குப் போனோம். அங்கிருந்த பெண் சங்கடத்தோடு சொன்னார்: "அப்படி ஒன்று இன்னும் தொடங்கவில்லை."

உண்மைதான். அந்த மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் அது வெறும் அறிவிப்பு. ஒருவருக்கு 15,000 டொலர் வரை. மத்திய அரசு, மாகாணம், முதலாளி மூவரும் ஆளுக்கு 5,000 போட வேண்டும். மாகாணங்களோ அதற்குச் சம்மதிக்கவே இல்லை. விண்ணப்பப் படிவம்கூடக் கிடையாது. ஆனால் விளம்பரத்துக்கு 2.5 மில்லியன் டொலர் ஒதுக்கியிருந்தார்கள். முறைப்பாடுகள் போன பிறகு, விளம்பரத் தரங்களைக் கண்காணிக்கும் அமைப்பே அது மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்புச் சொன்னது.

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. மானியத்துக்கான மத்திய அரசின் பங்கு புதிய காசு அல்ல. வேலையிழப்புக் காப்புறுதி கிடைக்காதவர்களின் பயிற்சிக்காக மாகாணங்களுக்கு ஆண்டுதோறும் போன 500 மில்லியனில் 300 மில்லியனை இதற்குத் திருப்புவதாகத் திட்டம். புதிதாக வந்த குடிவரவாளர்கள், எழுத வாசிக்கச் சிரமப்படுபவர்கள் எல்லாம் அந்தக் காசில்தான் படித்தார்கள். அவர்களிடம் இருந்து எடுப்பதையே அவர்களுக்குக் கொடுப்பதுபோல் தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

இது அப்போது மத்தியில் ஆண்ட கொன்சர்வேற்றிவ் கட்சியின் குற்றம் மட்டும்தான் என்று யாரும் பின்னூட்டத்தில் வரவேண்டாம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2004 இல் லிபரல் அரசு நல்ல சட்டம் ஒன்று கொண்டுவந்தது. அரசாங்க விளம்பரம் கட்சிக்குப் புகழ் சேர்ப்பதா இல்லையா என்று கணக்காய்வாளர் நாயகம் பார்த்துச் சம்மதித்தால்தான் வெளிவரும். 2015 இல் அதே லிபரல் அரசு அந்த அதிகாரத்தைப் பல்லுப் பிடுங்கிவிட்டது. பிறகு வந்த கொன்சர்வேற்றிவ் அரசும் பல்லைத் திருப்பிக் கட்டவில்லை. 2023-24 இல் மட்டும் மாகாண விளம்பரச் செலவு 100 மில்லியன் டொலரைத் தாண்டியது. அதில் கணிசமான பகுதி பழைய சட்டத்தின்கீழ் தேறியிருக்காது என்று கணக்காய்வாளர் நாயகமே அறிக்கையில் எழுதினார்.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்குத் தகவல் வந்து சேர்வதே இல்லை, அதுவும் பெரிய குறைதான். ஆனால் பயிற்சி என்று விளம்பரம் போட்டால், எங்கே பதிவது, எப்போது தொடங்கும், யாருக்குத் தகுதி என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். இவை முடிவாகும்வரை ஒரு சதமும் செலவழிக்கக் கூடாது. 2004 சட்டம் பழைய வலுவோடு திரும்ப வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.

2014 இல் மானியம் உண்மையாகவே வந்தது. தொழிலாளி நேரே கேட்க முடியாது, முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அண்ணையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், முதலாளியிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ என்று. "ஒருக்கால் நம்பினது காணும்" என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.